அனுப்பியது, வந்தது, வராதது: படைப்புப் பதிவேட்டியல் குறித்து ஒரு முன்னாய்வு

தமிழில் இலக்கிய வரலாற்று நூல்களுக்குப் பஞ்சமில்லை. நூற்றாண்டு வாரியாக ஒன்று, இயக்கம் வாரியாக ஒன்று, சிறுகதைக்குத் தனியாக, நாவலுக்குத் தனியாக என்று தேர்வுகளை முன்னிட்டு எழுதப்பட்டவை மட்டுமே ஓர் அலமாரியை அடைத்துக்கொள்ளும். இவை அத்தனைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வரவை எழுதிவிட்டுப் பற்றை எழுதாமல் விட்ட கணக்கு இவை. அச்சில் வந்ததைப் பற்றித்தான் பேசுகின்றன. அச்சுக்குப் போய்த் திரும்பி வந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனந்த விகடன் 1926இல் தொடங்கியது. கலைமகள் 1932இல், கல்கி 1941இல், குமுதம் 1947இல். இவற்றுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்த கதைகளில் அச்சேறியவை சிறுபான்மை என்பதை எந்த உதவி ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஆகவே நாம் பக்தியோடு படித்துவருவது ஒரு சிறுபான்மையின் வரலாறு. பெரும்பான்மைக்கு என்ன ஆயிற்று என்று பத்திரிகை அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. திருப்பி அனுப்பியதற்கெல்லாம் கோப்பு வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தலையெழுத்து? சான்று இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: எந்தக் கதை, எந்த இதழுக்கு, என்றைக்குப் போயிற்று, என்ன ஆயிற்று என்று எழுத்தாளர் தம் கைப்பட எழுதி வைத்த நோட்டு. தமிழ் இலக்கியத்தின் மறுபாதிக்கு அந்த நோட்டே முதன்மைச் சான்று, அதை ஒழுங்காக வைக்காதவர் தம் கதையைக் காட்டிலும் பெரிய ஒன்றைத் தொலைக்கிறார் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறைக்கு இதுவரை பெயரில்லை. பதிவேட்டியல் என்று வைத்துக்கொள்வோம். துறைக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி என்பது கல்லூரிப் பக்கம் போய்வந்த எல்லோரும் அறிந்ததே.

ஆய்வுப் பொருளை முதலில் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். இந்த நோட்டு பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. நகைக்கடையோ இன்சூரன்ஸ் ஏஜெண்டோ கொடுத்து, ஆண்டு முடிந்துபோன டைரியாக இருக்கும். ஜனவரி முழுக்கப் பால் கணக்கும் பிப்ரவரியில் பாதிவரை மளிகைக் கணக்கும் எழுதி நின்றுபோயிருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், தலைப்பு, பக்கங்கள், இதழ், அனுப்பிய தேதி, தபால் செலவு, முடிவு, குறிப்பு என்று எட்டுக் கட்டங்கள். முதல் பக்கத்தில் கையெழுத்து மணிமணியாக இருக்கும். இன்னும் எழுதப்படாத கதைகளுக்கும் சேர்த்து வரிசை எண் போட்டு வைத்திருப்பதும் உண்டு. பதிவேட்டியலில் கூர்ந்து நோக்க வேண்டியது கடைசி இரண்டு கட்டங்களின் அகலம். தொடக்கத்தில் ‘முடிவு’ அகலமாகவும் ‘குறிப்பு’ ஒடுங்கியும் இருக்கும். பக்கம் செல்லச் செல்ல ‘முடிவு’ ஒரு பெருக்கல் குறி கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிடும். ‘குறிப்பு’ பரந்து விரிந்து, ஆசிரியர் குழுவின் ரசனை, அவர்களுடைய உறவுமுறை, அந்த வாரம் வெளியான வேறொரு கதையின் தரம் ஆகியவற்றைப் பற்றிய நீண்ட மதிப்புரைகளுக்கு இடம் தரும். அடிக்கோல் ஒன்றைக் கொண்டு இவ்விரண்டு கட்டங்களையும் அளந்தாலே, எழுதுகிறவர் எழுத வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஏறக்குறையச் சொல்லிவிட முடியும்.

இக்கட்டங்கள் தபால் இலாகா வந்தபிறகு தோன்றியவை என்று கருதுவோர் உளர். அற்றன்று, என்னை எனின், பவணந்தி முனிவர் நன்னூலிலேயே இவற்றுக்கு விதி செய்து வைத்திருக்கிறார். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு: இயற்றியவர் யார், எந்த நூலின் வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, நூலுக்குப் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப் பற்றியது, கேட்க உரியவர் யார், கேட்டால் என்ன பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு என்று அவரே இடமும் விட்டிருக்கிறார். நம் நோட்டின் கட்டங்களை இவற்றோடு பொருத்திப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. நூற்பெயர் தலைப்பாயிற்று. கேட்போர் இதழாயிற்று. காலம் அனுப்பிய தேதி. களம் அலுவலக முகவரி. 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அதோடு பின்கோடும் சேர்ந்துகொண்டது. யாப்பு என்பது சிறுகதையா, குறுநாவலா, துணுக்கா என்பது. காரணம் பெரும்பாலும் தீபாவளி மலர். பயன், சன்மானம். ‘வழி’ என்னும் ஒன்றை மட்டும், அதாவது எந்தக் கதையிலிருந்து பிறந்தது என்பதை மட்டும், இக்கால எழுத்தாளர்கள் பதிவதில்லை. அதற்கான காரணத்தை இங்கே ஆராய்வது நாகரிகமன்று. பதினொன்றில் நூல் எதைப் பற்றியது என்பதற்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனையவற்றில் பெரும்பகுதி யார், எங்கே, எப்போது, யாரிடம் என்னும் பதிவேட்டு விவரங்கள். போதாக்குறைக்கு, பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்றும் நன்னூல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவில் ஏறாத கதை கதையே அன்று என்று நாம் சொன்னால் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

விதிக்கு முன்பே வழக்கு இருந்திருக்கிறது. நமக்குக் கிடைத்த நூல்களில் மூத்ததாகிய தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தைப் பதிவேட்டியல் நோக்கில் படிப்பவர், அது ஓர் அனுப்புகைப் பதிவு என்பதை உடனே கண்டுகொள்வார். சமர்ப்பித்தவர் தொல்காப்பியர்; சமர்ப்பித்த இடம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவை; பரிசீலித்தவர் அதங்கோட்டாசான்; முடிவு, ஏற்கப்பட்டது. குறிப்புக் கட்டத்தை நிரப்பும் பொறுப்பு மட்டும் பல நூற்றாண்டுகள் கழித்து நச்சினார்க்கினியருக்கு வாய்த்தது. அகத்தியருக்குத் தம் மாணாக்கர் மேல் ஒரு கோபம் இருந்ததாம். அவர் அதங்கோட்டாசானைக் கூப்பிட்டு, அவன் செய்த நூலைக் கேட்காதே என்று சொல்லிவிட்டாராம். இவரோ இரண்டு பேருக்கும் பொல்லாப்பு இல்லாமல், கேட்டுவிட்டுக் குற்றம் சொல்லிவிடலாம் என்று எண்ணிப் போனாராம். நூலாசிரியர் எல்லாக் குற்றச்சாட்டுக்கும் விடை சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஏற்க நேர்ந்தது. பரிசீலனைக்கு முன்பே மேலிடத்திலிருந்து ஒரு சொல் போய்விடுவது, பரிசீலிப்பவர் முகம் கோணாமல் தப்பிக்கப் பார்ப்பது என்று பத்திரிகை உலகம் பற்றித் தேநீர்க் கடைகளில் பேசப்படும் அத்தனையும் இந்த ஒரு குறிப்பில் இருக்கிறது. நச்சினார்க்கினியர் இதை எழுதி வைக்காமல் விட்டிருந்தால், தொல்காப்பியம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருப்போம்?

ஆனால் மரபு முழுக்க இப்படி ஒழுங்காக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களுக்கும் கணக்குத் தருகிறது. தலைச்சங்கத்தில் பாடியவர்கள் 4,449 பேர், ஆண்டுகள் 4,440. இடைச்சங்கத்தில் 3,700 பேர், அதே 3,700 ஆண்டுகள். கடைச்சங்கத்தில் 449 பேர், 1,850 ஆண்டுகள். கூட்டினால் 9,990 ஆண்டுகளில் 8,598 புலவர்கள். அதாவது ஆண்டுக்கு ஒரு புலவர்கூட முழுசாகத் தேறவில்லை. எந்த வார இதழும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. பாண்டிய நாட்டில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் பாட்டெழுதினார்கள் என்று நம்புவதற்குத் தமிழரை அறிந்த யாராலும் முடியாது. ஆகவே மதுரைக்கு வந்து திரும்பியவர்கள் பல்லாயிரவர் இருந்திருக்க வேண்டும் என்பது கணக்கறிந்தோர் துணிபு. அவர்களைப் பற்றி உரையாசிரியர் ஒரு சொல் சொல்லவில்லை. உட்கார்ந்து தமிழ் ஆராய்ந்தவர்கள் எத்தனை பேர், ஆதரித்த அரசர்கள் எத்தனை பேர், எல்லாம் இருக்கிறது. திரும்பிப் போனவர் எண்ணிக்கை இல்லை. அலுவலகம் வைக்கும் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்பதற்கும், அனுப்புகிறவர் தம் பங்குக்கு ஒரு கணக்கு வைத்தே ஆகவேண்டும் என்பதற்கும் இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

ஏற்கப்பட்டவர்கள் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சங்கப் பாடல்கள் 2,381 என்று எண்ணுவது வழக்கம். அவற்றில் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயரே இல்லை. வேறு சிலருக்குப் பெயர் தொலைந்துபோய், பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், செம்புலப்பெயனீரார், கல்பொரு சிறுநுரையார் என்று கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழங்கயிறாகவே நினைக்கப்பட்டு வருகிறாரே, அவர் வீட்டில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ! கதையின் கடைசிப் பக்கத்திலும் பெயரும் முகவரியும் எழுதுக என்று இதழ்கள் விடாமல் அறிவித்துவந்ததன் தேவை இப்போது புரியும். ஏட்டின் மேலுறையில் மட்டும் பெயர் எழுதி, தம் கையில் நகலோ பதிவோ வைத்துக்கொள்ளாமல் அனுப்பியவர்களுக்கு நேர்ந்த கதி இது என்பது பதிவேட்டியலின் முடிபு. மேலுறை இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதற்கும் சான்றில்லை என்பதே விடை.

திரும்பியவற்றில் காரணத்தோடு பதிவானது என்று தருமி கொண்டுவந்த பாட்டு ஒன்றைச் சொல்லலாம். திருவிளையாடற் புராணம் அதை விரிவாகச் சொல்கிறது; 1965இல் வந்த திரைப்படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. சமர்ப்பித்தவர், பரிசீலித்தவர், குறை, மேல்முறையீடு, தீர்ப்பு என்று எல்லாக் கட்டங்களும் நிறைந்திருக்கின்றன. ‘இயற்றியவர்’ என்னும் கட்டத்தில் மட்டும் தவறான தகவல் தரப்பட்டிருந்தது. இப்படைப்பு என் சொந்தக் கற்பனையே என்னும் உறுதிமொழியை இதழ்கள் கேட்பதற்கு வித்திட்ட நிகழ்ச்சி இதுவாகலாம். அனுப்பியது போய்ச் சேர்ந்த இடம் தெளிவாகத் தெரிந்த முதல் நிகழ்ச்சி என்றால் சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு. எதிரேறிப் போன ஏட்டைக் குலச்சிறையார் பின்தொடர்ந்து சென்று எடுத்துவந்தார் என்கிறது பெரியபுராணம். அது ஒதுங்கிய இடம் திருவேடகம் என்று இன்றைக்கும் ஊராகவே இருக்கிறது. அமைச்சரே குதிரையில் கூடப் போகும் வசதி பிற்காலத்தில் எந்தத் தபாலுக்கும் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் கிடைத்தது, போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை. பதிவேட்டியலின் பொற்காலம் இந்த உறையோடு தொடங்குகிறது. இதன் தனித்தன்மை என்னவென்றால், முகவரி எழுத்தாளரின் கையெழுத்திலேயே இருக்கும். தெருமுனையில் தபால்காரர் திரும்பும்போதே, அவர் கையில் இருப்பது தம் கையெழுத்து என்பது திண்ணையிலிருந்து தெரிந்துவிடும். வீட்டாருக்கும் தெரியும், சில மாதங்களில் தபால்காரருக்கும் தெரியும். ஆகவே ‘முடிவு’ என்னும் கட்டத்தை உறையைப் பிரிக்காமலே நிரப்பலாம். பிரித்தபின் வேறு சான்றுகள் வெளிப்படும். இடது மேல் மூலையில் குண்டூசித் துளைகள். அனுப்பும்போது ஒரு துளை. அங்கே எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பக் குத்தியிருந்தால் இரண்டாவது துளை. ஊசி துருவேறியிருந்தால் எவ்வளவு காலம் மேசையில் கிடந்தது என்பதற்கு அது தனிக் குறிப்பு. இரண்டு துளையும் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறையும் சேர்ந்திருந்தால் கதை படிக்கப்பட்டது என்று உறுதியாகக் கொள்ளலாம். ஒரே துளையோடு வந்தால், உள்ளே இருக்கும் அச்சடித்த துண்டுச் சீட்டு எவ்வளவு வருத்தம் தெரிவித்தாலும் நம்புவதற்கில்லை. மூன்றாவது இதழுக்கு அனுப்பும்போது கசங்கிய முதல் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. முதல் பக்கம் வெள்ளையாகவும் உள்பக்கங்கள் பழுப்பாகவும் இருக்கும் கைப்பிரதி பலமுறை ஊர் சுற்றியது என்பதை எந்த உதவி ஆசிரியரும் தொட்டவுடன் சொல்லிவிடுவார். இத்தனை நுட்பமான தடயங்களை நோட்டில் ஏற்றாமல் விட்டால், அடுத்த சுற்றுக்குப் புதுப் பிரதி எடுக்கும்போது அழிந்துபோகும்.

இனி இவ்வாய்வின் கடினமான பகுதி. திரும்பி வந்தது ஒரு முடிவு. அச்சில் வந்தது ஒரு முடிவு. ஒன்றுமே வராதது என்ன? மௌனம் சம்மதம் என்பது உலக வழக்கு. பத்திரிகை வழக்கில் அது தலைகீழ். குறிப்பிட்ட காலத்துக்குள் தகவல் இல்லையென்றால் ஏற்கப்படவில்லை என்று கொள்க என்பது இதழ்களின் அறிவிப்பு. கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலம் என்றைக்குத் தொடங்குகிறது? எழுத்தாளர் தபாலில் சேர்த்த நாளிலா, அலுவலகத்தில் உறை பிரிக்கப்பட்ட நாளிலா? பின்னது அவருக்கு ஒருபோதும் தெரியாது. முன்னது நோட்டு இருந்தால்தான் தெரியும். தேதி எழுதி வைக்காதவருக்கு மௌனம் தொடங்குவதே இல்லை. தொடங்காதது முடிவதும் இல்லை. இந்தச் சிக்கலுக்குத் தபால் இலாகா ஒரு மருந்து வைத்திருந்தது. அண்டர் சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் என்று பெயர். சிறு கட்டணத்துக்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரித் துண்டின் மேல் முத்திரை குத்தித் தருவார்கள். போய்ச் சேர்ந்ததற்கு அது சான்றில்லை. அனுப்பியதற்கு மட்டும் சான்று. எழுத்தாளனுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். நோட்டின் அந்தந்தப் பக்கத்தில் அந்தத் துண்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அரசாங்க முத்திரையோடு மௌனம் தொடங்கிவிடும். 2011இல் அச்சேவையை நிறுத்திவிட்டார்கள். தமிழ் இலக்கியத்துக்கு அதனால் நேர்ந்த இழப்பைக் குறித்து அப்போது எந்த எழுத்தாளர் சங்கமும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை.

மௌனத்திலும் வகை உண்டு. கதை போய்ச் சேராத மௌனம் ஒன்று. சேர்ந்து, படிக்கப்படாமல் கிடக்கும் மௌனம் ஒன்று. படித்து, பிடித்து, ‘பிறகு பார்க்கலாம்’ என்று எடுத்து வைத்து, வைத்தவர் வேறு இதழுக்குப் போய்விட்ட மௌனம் ஒன்று. மூன்றாவதே மிக ஆபத்தானது. கதை வரவில்லை என்று எழுத்தாளர் வேறு இதழுக்கு அனுப்பிவிடுவார். புதிதாக வந்தவர் அலமாரியைத் துடைக்கும்போது பழைய கதையைக் கண்டெடுப்பார். ஒரே வாரத்தில் இரண்டு இதழ்களில் ஒரே கதை. வேறு எங்கும் அனுப்பவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி இரண்டு அலுவலகத்திலும் பத்திரமாக இருக்கும். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் ஒரே சாட்சி, தேதிகளும் நினைவூட்டுக் கடிதங்களும் ஏறிய நோட்டுதான்.

இவ்வளவுக்கும் எதிராகச் சொல்லப்படுபவை சில. பெரிய எழுத்தாளர்கள் யாரும் இப்படி நோட்டு வைக்கவில்லையே என்பது முதலாவது. பாரதியின் முதல் அச்சேறிய பாட்டு 1904இல் மதுரை ‘விவேகபானு’வில் வந்த ‘தனிமை இரக்கம்’ என்பார்கள். அதற்குப் பிறகு அவர் ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல பெயர்களில், பல இதழ்களில் எழுதிக் குவித்தார். எது எப்போது எங்கே வந்தது என்று தேடி வரிசைப்படுத்தவே சீனி. விசுவநாதன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. சொ. வி., ரசமட்டம், மாத்ரு, கபாலி என்று புகுந்து விளையாடிய புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். ஒவ்வொரு கதையும் முதலில் வந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு வெளிவர 2000 ஆயிற்று. ஒரு டைரி செய்யவேண்டிய வேலையை அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் நூலகம் நூலகமாக ஏறிச் செய்தார்கள். அதுவும் வந்தவற்றுக்குத்தான். ‘தனிமை இரக்க’த்துக்கு முன்னால் எட்டயபுரத்திலிருந்து எது எந்த இதழுக்குப் போய்த் திரும்பியது என்பதை எந்த நூலகத்தில் ஏறினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பெரியவர்கள் செய்யவில்லை என்பது பின்பற்றுவதற்கான காரணமன்று. தவிர, பெரியவர்களுக்காவது பின்னால் வேங்கடாசலபதிகள் வருவார்கள். நமக்கு யார் வருவார்?

கலைஞனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை எதற்கு, அது கற்பனையைக் கெடுத்துவிடும் என்பது இரண்டாவது. தமிழ் உரைநடையின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் உயிருள்ள தமிழ் உரைநடையை எழுதியவர் புலவர் அல்லர். புதுச்சேரியில் துய்ப்ளேக்கு துபாஷாக இருந்த வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை கப்பல் வந்ததையும் போனதையும், குண்டு போட்டதையும், யாருக்கு யார் என்ன வெகுமதி கொடுத்தார் என்பதையும் எழுதிக்கொண்டே போனார். கணக்கு எழுதுகிற கைதான் அந்த நடையைப் பெற்றது. கடல் கடந்து ஒரு சான்று வேண்டுமென்றால் ஜாக் லண்டன். எழுதத் தொடங்கிய காலத்தில் எந்தக் கதை எந்த இதழுக்குப் போயிற்று என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தவர் அவர். 1909இல் வந்த அவருடைய ‘மார்ட்டின் ஈடன்’ நாவலில், அந்தப் பக்கம் ஆசிரியர் என்று மனிதர் யாரும் இல்லை, ஓர் உறையிலிருந்து எடுத்து இன்னோர் உறையில் போட்டுத் திருப்பும் எந்திரம்தான் இருக்கிறது என்று கதாநாயகனுக்குத் தோன்றும். நோட்டு வைத்தவனுக்குத்தான் அப்படித் தோன்றும். ஒன்றுபோலவே வரிசையாக நிற்கும் பெருக்கல் குறிகளைப் பார்க்காதவனுக்கு எந்திரம் எங்கிருந்து நினைவுக்கு வரும்?

தோல்விகளைப் பட்டியல் போட்டால் மனம் சோர்ந்துவிடாதா என்று இரக்கமுள்ளவர்கள் கேட்பார்கள். பட்டியல் இல்லாததால்தான் சோர்வு. ஒரே கதை ஏழு இதழ்களிலிருந்து திரும்பியிருந்தால் கதையில் ஏதோ கோளாறு என்று பொருள். ஏழு கதைகள் ஒரே இதழிலிருந்து திரும்பியிருந்தால் அந்த இதழோடு நமக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். முன்னதற்குக் கதையைத் திருத்த வேண்டும். பின்னதற்கு ஆசிரியரைத் திட்ட வேண்டும். நோட்டு இல்லாத எழுத்தாளர் இவ்விரண்டில் எது தம் நிலை என்று தெரியாமல், திருத்த வேண்டிய இடத்தில் திட்டிக்கொண்டும் திட்ட வேண்டிய இடத்தில் திருத்திக்கொண்டும் காலத்தைக் கழிக்கிறார். இலக்கியக் கூட்டங்களில் கேட்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தால் விளைவது.

மின்னஞ்சல் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு, ‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருக்கிறதே என்பது இளைஞர்கள் வாதம். திறந்து பார்க்கட்டும். கடிதம் இருக்கும், இணைப்பில் ‘கதை இறுதி’, ‘கதை இறுதி திருத்தியது’, ‘இறுதி இதுதான்’ என்று மூன்று இருக்கும், எது போயிற்று, எது ஏற்கப்பட்டது என்பதை அந்தப் பெட்டி சொல்லாது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் நிலைமை இன்னும் மோசம். பாமினியில் தட்டச்சு செய்த கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. நடுவில் எழுதப்பட்ட கதைகளில் எத்தனையோ இன்று அவற்றை எழுதியவருக்கே படிக்க முடியாதவை. பென்சில் கோட்டுக்கு நடுவே பேனாவால் எழுதிய நோட்டுக்கு எழுத்துரு மாற்றி தேவைப்பட்டதில்லை. வாட்ஸப்பில் கதை கேட்கும் இதழ்களும் வந்துவிட்டன. நீல டிக் பார்த்ததற்குச் சான்று, படித்ததற்குச் சான்றில்லை. குண்டூசித் துளை அளவுக்குக்கூட அதை நம்ப முடியாது.

நோட்டு எழுதுவதில் கதை எழுதும் நேரம் போய்விடும் என்று ஒரு தடை இன்னும் பாக்கி. போகும். அதனால் உதவி ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் ஓய்வைக் கணக்கில் கொண்டால் இதை நன்மைப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

பதிவேட்டைக் கட்டாயமாக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. இதற்கு முன்னுதாரணம் உத்திரமேரூரில் கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஐ ஒட்டி, குடவோலை முறைக்கு வகுத்த விதிகளில் ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தேர்வுக்கு நிற்கக்கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது. இதை அப்படியே இலக்கியப் பரிசுகளுக்கு நீட்டிக்கலாம். விருதுக்கு நூலின் பிரதிகளோடு அனுப்பிய விவர நோட்டின் நகலும் இணைக்கப்பட வேண்டும். நோட்டு இல்லாதவர் தகுதி இழப்பார். உறவினரையும் விலக்குவது சற்றுக் கடுமை என்று தோன்றலாம். எழுத்தாளர்களின் உறவினரைக் கேட்டுப் பார்த்தால் அவர்களுக்கு இதில் ஆட்சேபணை இருக்காது என்றே நினைக்கிறேன்.

சட்டம் வரும் வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அவர் இறந்து 85 ஆண்டுகள் வீட்டோடு கிடந்து 1846இல்தான் வெளியே தெரிந்தது. நடுவில் யாரும் அதைத் தூக்கிப் போடாததால் தப்பித்தது. உங்கள் வீட்டிலும் கதை எழுதிய பெரியப்பாவோ அத்தையோ இருந்திருக்கலாம். அவர்களுடைய பரணை ஒழிக்கும்போது பால் கணக்கோடு தொடங்கும் பழைய டைரி ஒன்று அகப்பட்டால், பிப்ரவரிக்குப் பிறகு ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள். கட்டம் போட்டிருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீசுகளையும்கூடச் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்தது அது. அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கேட்ட தேதியை எங்காவது குறித்துக்கொள்வதும் நல்லது.